ஒரே லாட்டில் இரண்டு சிடி

என்னிடம் ஒரே லாரி ஆட்டத்தின் சிடி இரண்டு இருக்கிறது. தெற்கே ஒருவரிடம் அதே சிடி இன்னும் இரண்டு. ஆக, இரண்டு ஆளுக்கு நாலு. ஒன்றிலும் கீறல் இல்லை. எதற்காக நாலு வாங்கினோமோ அது மட்டும் நடக்கவில்லை.

இந்த மாதிரிப் பழைய வீடியோ கேம் வாங்கினால் போட்ட காசு தேறுமா என்று கம்பெனி ஆபீஸில் ஒரு பெண் கேட்டது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் ஓவர்லாக் டெய்லர். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. சொந்த ஊர் அமராவதி நகர் பக்கம். அங்கே இருக்கிற தோட்டத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். எனக்குப் பெண் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் கிடைப்பது கஷ்டம். கொஞ்ச வருசம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். நானும் ஏன் என்று கேட்கவில்லை. மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருக்கிறேன். தண்ணீர் பிடிக்கிற இடமும் கக்கூஸும் எல்லாருக்கும் பொது.

கம்பெனியில் என் மிஷினுக்கு அடுத்த மிஷின் பேட்லாக். நான் துணியைச் சேர்த்துத் தைத்துத் தள்ளுவேன். பேட்லாக்காரர் அதை எடுத்து ஓரம் மடித்துத் தைப்பார். நான் நின்றால் அவர் சும்மா இருக்கணும். அவர் நின்றால் என் பீஸ் மலையாகக் குவியும். பீஸ் ரேட் வேலை. அதனால் ஜோடி சரியில்லாவிட்டால் சனிக்கிழமை சம்பளத்தில் தெரிந்துவிடும். நிறைய ஜோடிகள் ஒரு வருசத்தில் சண்டை போட்டுப் பிரிந்து வேறு வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். நாங்கள் தலை நரைக்கும் வரை ஒன்றாக இருந்தோம். காரணம், நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அவர் திருநெல்வேலிக்கு அந்தப் பக்கத்து ஆள். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். லைன் வீட்டில் எனக்கு அடுத்த அறை அவருடையது. காலையில் ஒரே வண்டியில் போவோம். ராத்திரி ஒரே வண்டியில் வருவோம். அவருக்கு என்னிடம் ஒரே ஒரு குறை. ஒரு நாள் டீக்கடையில் சொன்னார்.

"இத்தன வருசம் பக்கத்துல உக்காந்து தச்சிருக்கோம். இன்னும் 'ங்க' போட்டுப் பேசுத ஆளு நீரு ஒருத்தருதாம்வே."

"அப்படிங்களா" என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு எதற்கு என்று புரிய நேரம் ஆனது.

கேம் பெட்டி முதலில் அவருடையதுதான். கட்டிங்கில் இருந்த வடநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்கு ஒரேயடியாகப் போகும்போது விற்றுவிட்டுப் போனார். பேட்லாக்காரர் அதைத் தன் பிள்ளைகளுக்கு அனுப்பத்தான் வாங்கினார். அனுப்புவதற்கு முன்னால் சரியாக ஓடுகிறதா பார்க்க வேண்டும் என்றார். என் அறையில்தான் டிவி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டபின் மாட்டிப் பார்த்தோம். அடுத்த ஞாயிறும் பார்த்தோம். பார்த்துக்கொண்டே இருந்தோம். பெட்டி ஊருக்குப் போகவில்லை.

அதோடு வந்தது ஒரு லாரி ஆட்டம். சுடுவது, வெட்டுவது ஒன்றும் இல்லை. லோடு ஏற்றுவது, ஓட்டுவது, இறக்குவது. அவ்வளவுதான். எல்லாம் வெளிநாட்டு ரோடு. நாங்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தோம். முதல் போர்டு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. போர்டில் ஹாம்பர்க் என்று இருந்தது. எங்களுக்கு அந்த எழுத்து நன்றாகத் தெரியும். பேக்கிங்கில் கார்ட்டன் பெட்டி மேல் கறுப்பு மையில் அடிப்பார்கள். ஹாம்பர்க், ராட்டர்டாம், ஆண்ட்வெர்ப். அதெல்லாம் ஊர் என்று தெரியும். ஆனால் அங்கே ரோடு இருக்கும், மழை பெய்யும், ஓரத்தில் மாடு மேயும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

ராட்டர்டாம் துறைமுகத்துக்குள் லாரியை விட்டபோது அவர் சொன்னார்: "நம்ம சரக்கு இங்ஙனதாம்வே எறங்குது. சத்தம் போடாம ஓட்டும். செகண்ட்ஸ் அனுப்புனது நாமதான்னு தெரிஞ்சா புடிச்சு வச்சிருவான்." குறை உள்ள பீஸுக்குத்தான் செகண்ட்ஸ் என்று பேர்.

கையில் பிடிக்கிற ரிமோட் ஒன்றுதான் இருந்தது. அதனால் ஒருவர் ஓட்டுவார். மற்றவர் திரையின் மூலையில் இருக்கிற சின்ன மேப்பைப் பார்த்து வழி சொல்வார். அவருக்கு ஓட்டுவதைவிட வழி சொல்வது பிடிக்கும். 'இடது', 'நேர', 'மெதுவா'. மூன்று வார்த்தையில் ஒரு மத்தியானம் போய்விடும். எனக்கு அது போதும். அவருக்கும் போதும் என்றுதான் நினைக்கிறேன். கேட்டதில்லை.

ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. பிள்ளைகள் பெரிதாகிவிட்டார்கள், இனி நீங்கள் இங்கேதான் இருக்கணும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். நியாயம்தான். வாசல் அறையில் ஒரு தையல் கடை போட்டார். பெட்டிகளை எடுக்க ஒரு தடவை வந்தார். கேம் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். அவருடையதுதானே. எங்கள் தட்டுமுட்டுச் சாமான்கள் கலந்து கிடந்தன. அதைப் பிரிக்கும்போது ஒரு கரண்டி யாருடையது என்று இருவருக்கும் தெரியவில்லை. நீரே வச்சுக்கிடும் என்றார். வைத்திருக்கிறேன்.

பேட்லாக்குக்குப் புது ஆள் வந்தார். நல்ல வேலைக்காரர். இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தைப்பார். வீட்டில் அடுத்த அறைக்கு ஒரு குடும்பம் வந்தது. நான் அதே மாதிரிப் பழைய பெட்டி ஒன்றைத் தேடி வாங்கினேன். அதே லாரி ஆட்டமும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டினேன். மேப்பைப் பார்த்தால் ரோட்டை விடுவேன். ரோட்டைப் பார்த்தால் வழியை விடுவேன். அந்த ஆட்டத்தில் நான் பாதி ஆள்தான் என்று அப்போது தெரிந்தது.

ஊருக்குப் போனவர் ஞாயிறு தவறாமல் போன் செய்வார். சாப்பிட்டீரா என்பார். ஆச்சுங்க, நீங்க சாப்பிட்டீங்களா என்பேன். ஆச்சு என்பார். கம்பெனியில் ஆர்டர் எப்படி என்பார். பரவால்லீங்க என்பேன். வேற என்பார். வேற ஒண்ணுமில்லீங்க என்பேன். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூச்சு கேட்கும். பிறகு வைத்துவிடுவோம். நாங்கள் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவர்கள். போனில் பேசத் தெரியாது. வாரா வாரம் அந்தப் பேச்சு சுருங்கியது. இப்படியே போனால் ஒரு ஞாயிறு போன் வராது, அதற்கப்புறம் வரவே வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யார் மேலும் தப்பு இருக்காது. கோபம்கூட இருக்காது.

அப்படி இருக்கும்போது ஒரு வேலை நாளில் டீ டைமில் போன் வந்தது. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துதான் எடுத்தேன்.

நல்ல செய்தி. அந்த லாரி ஆட்டத்துக்கு இரண்டாம் பாகம் ஒன்று இருக்கிறதாம். அவர் ஊர் செல்போன் கடையில் பழைய சிடி ஒன்று கிடந்ததாம். அட்டையில் இரண்டு லாரி முன்னும் பின்னுமாகப் போகிற படம் போட்டிருக்கிறது. கடைக்காரர் சொன்னாராம், இதில் நெட் மூலமாக இரண்டு ஊரில் இருக்கிற இரண்டு ஆள் ஒரே ரோட்டில் ஓட்டலாம் என்று.

"நீரும் ஒண்ணு புடியும்" என்றார். "நான் முன்னால போறேன். நீரு பின்னால வாரும். வழி தப்ப மாட்டீரு."

ஒரு ஷிப்ட் கூலிகூட ஆகாது என்றார். விலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு ஷிப்ட் என்றாலும் வாங்கியிருப்பேன்.

தேடினேன். புது ஆட்டம் விற்கிற கடையில் கேட்டால் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். இந்தப் பெட்டிக்கே இப்போது ஒன்றும் வருவதில்லை என்றார்கள். கடைசியில் சர்ப்ளஸ் சந்தில் கிடைத்தது. வெளிநாட்டுக்குப் போகாமல் மிஞ்சின சட்டைகளை லேபிளை வெட்டிவிட்டு மூட்டையாக விற்கிற சந்து அது. அங்கே ஒரு பாய் கடை. எனக்குப் பழக்கம். யாரோ கடை காலி செய்தபோது மொத்தமாக எடுத்த சிடிகளை ஒரு கார்ட்டனில் போட்டு டிராயர் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அதில் அந்த ஆட்டம் மட்டும் ஒரு அடுக்கு இருந்தது.

சர்ப்ளஸில் சட்டம் ஒன்றுதான். வாசல் தாண்டினால் திருப்பி வாங்க மாட்டார்கள். அதனால் அங்கேயே பார்த்துவிட வேண்டும். நான் பார்த்தேன். சிடியை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். துணியில் ஓட்டை பார்ப்பது அப்படித்தான். பின்னால் வெளிச்சம் இருந்தால் ஊசி முனை ஓட்டைகூடத் தெரியும். சிடியில் ஓட்டை இல்லை. சாய்த்துப் பார்த்தேன். கீறல் இல்லை. கறை இல்லை. ஓரத்தில் விரலை ஓட்டினேன். உடைசல் இல்லை. பர்ஸ்ட் குவாலிட்டி. பாய்க்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டேன். தனியாக ஓட்டுகிற பகுதி அருமை. ரோடு இன்னும் அகலம். மழையில் வைப்பர் ஆடுகிறது. பழைய ஊர்களோடு புது ஊர்களும் இருந்தன. ஆனால் சேர்ந்து ஓட்டுகிற இடத்துக்குப் போனால் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. சட்டை லேபிளில் வருகிற இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டி வரும். இது அதில் இல்லாத இங்கிலீஷ்.

அவருக்கும் அதே வட்டம். அதே வரி.

உங்க சிடி செகண்ட்ஸா இருக்கும் என்றேன். உம்மதுதான் செகண்ட்ஸ் என்றார். நான் லைட்டில் பிடித்துப் பார்த்தேன் என்றேன். அவரும் லைட்டில் பிடித்துப் பார்த்தாராம். தொழில் பழக்கம் எங்கே போகும்.

பிறகு அவர்தான் கண்டுபிடித்தார்.

"லாட்டு மாறிப் போச்சுவே."

எனக்கும் சட்டென்று பிடிபட்டது. பனியன் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது அதுதான். ஒரே நீலம்தான் என்று சாயப்பட்டறையில் இரண்டு தடவையாகப் போட்டால் இரண்டு நீலம் வரும். ஒரு தடவைக்குப் போடுவதுதான் ஒரு லாட். உடம்பை ஒரு லாட்டிலும் கையை இன்னொரு லாட்டிலும் வெட்டிவிட்டால் தைக்கும்போது தெரியாது. வெயிலில் பார்த்தால் கை தனியாகத் தெரியும். வெளிநாட்டில் வாங்குகிற பையர் மொத்தத்தையும் திருப்பிவிடுவான். அதனால் லாட் நம்பர் பார்க்காமல் யாரும் துணியைத் தொட மாட்டார்கள். அவர் வாங்கியது அவர் ஊரில். நான் வாங்கியது இங்கே. எப்படிச் சேரும்?

எனக்கு நிம்மதியாக இருந்தது. அது எங்களுக்குத் தெரிந்த பழுது. செய்ய வேண்டியதும் தெரியும். ஒரே லாட்டில் இரண்டு எடுக்க வேண்டும்.

மறுபடி பாய் கடைக்குப் போனேன். அடுக்கில் மேலும் கீழும் ஒட்டியிருந்த இரண்டை எடுத்தேன். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் ஒரு நம்பர் இருந்தது. இரண்டிலும் அதே நம்பரா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். பாய் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போன வாரந்தான ஒண்ணு கொண்டு போனீங்க. மூணு லாரியையும் ஒரே ஆளு எப்படீங்க ஓட்டுவீங்க?" என்றார்.

"ஒண்ணு வெளியூருக்குங்க பாய்" என்றேன்.

"வெளியூருக்கா. அப்ப எக்ஸ்போர்ட்னு சொல்லுங்க" என்றார். பக்கத்துக் கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

ஒரு சிடியைத் துணியில் சுற்றினேன். கம்பெனியில் மிஞ்சின நல்ல பனியனாக அவர் பிள்ளைகளுக்கு நாலைந்து வைத்தேன். நடுவில் சிடியை வைத்துப் பார்சல் ஆபீஸில் போட்டேன். அந்த வாரம் நான் நன்றாகத் தைத்தேன். ஹெட்போன் ஆள்கூட ஒரு தடவை காதில் இருந்ததை எடுத்துவிட்டு, என்னண்ணா ரொம்ப ஓட்டறீங்க, மெதுவா என்றார். பார்சல் கிடைத்தது என்று அவர் போன் செய்தபோது வேற என்று கேட்கவில்லை. பேசுவதற்கு விஷயம் இருந்தது. எந்த ஊரிலிருந்து கிளம்புவது, என்ன லோடு, யார் முன்னால். பெரிய பாலம் ஒன்று இருக்கிறது, அங்கே நிறுத்தி இரண்டு லாரியையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டுப் பார்க்கணும் என்றார். சரிங்க என்றேன். அந்த வாரத்துக்காக என்றால் போட்ட காசு தேறியது என்றே சொல்வேன்.

ஞாயிறு வந்தது. போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் சிடியை உள்ளே தள்ளினோம். அவர் பக்கம் அவர் வீட்டம்மா யாரிடமோ சொல்வது கேட்டது: "கிறுக்குப் பிடிச்சிட்டு. ஒரே சிடிய மாத்தி மாத்தி வாங்குதாவ ரெண்டு பேரும்."

வட்டம் சுற்றியது. எனக்கும் சுற்றியது, அவருக்கும் சுற்றியது. பிறகு அதே வரி.

நெட்டு சரியில்லாமல் இருக்கும் என்றார் அவர். இருக்குங்க என்றேன். இரண்டு பேருக்கும் அது இல்லை என்று தெரியும்.

நான் அந்த வரியைப் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். மறுநாள் கம்பெனி ஆபீஸில் இருக்கிற மெர்ச்சண்டைசர் பெண்ணிடம் காட்டினேன். பையரோடு மெயிலில் பேசுகிற பெண். படித்த பெண். நல்ல மாதிரி. படித்துப் பார்த்துவிட்டு, தன் போனில் ஏதோ தேடியது.

"இது உங்க சிடில இல்லீங்கண்ணா" என்றது. "ரெண்டு பேரும் சேந்து ஓட்டணும்னா நடுவுல அந்த ஆட்டத்தச் செஞ்ச கம்பெனியோட சர்வர் ஓடணும். அத நிறுத்தி வருசக்கணக்காச்சுங்க."

"எதுக்குங்க நிறுத்துனாங்க?"

"வெளையாடறவங்க கொறஞ்சிருப்பாங்க. அப்பறம் யாருக்காக ஓட்டுவாங்க?"

எனக்குப் புரிந்தது. எங்கள் தொழிலிலும் ஒரு ஸ்டைல் முடிந்துவிட்டால் முடிந்ததுதான். மிஞ்சின நூல், பட்டன், லேபிள் எல்லாம் மூட்டை கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் ஒரு பீஸ் வேண்டும் என்று யார் வந்து நின்றாலும் கிடைக்காது. ஆனால் அந்தச் சட்டையை வாங்கினவன் போட்டுக்கொண்டுதான் இருப்பான். கம்பெனி மூடினால் அவன் உடம்பிலிருந்து கழன்று விழாது. அதுதான் நான் தப்பு செய்த இடம். சிடியும் சட்டை மாதிரி என்று நினைத்தேன். கையில் இருப்பதுதான் சரக்கு என்று நினைத்தேன். எவ்வளவு லைட்டில் பிடித்தாலும் சிடியில் இல்லாதது தெரியாது.

அந்த வாரம் பாய் கடைப் பக்கம் போனேன். மூன்றும் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுதுங்க என்றேன். பொய் இல்லை. ஓடத்தான் செய்தது.

அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் ஞாயிறு வரை யோசித்தேன். சொன்னால் அதோடு முடிந்துவிடும். இனி பேசுவதற்கு லோடும் இல்லை, பாலமும் இல்லை. மறுபடி சாப்பிட்டீரா, ஆச்சுங்க. அதுவும் எத்தனை வாரத்துக்கு?

போன் வந்ததும் சொல்லிவிட்டேன். சர்வர் நின்று வருசக்கணக்காகிவிட்டது, இனி வராது என்றேன். அவர் "சரிவே" என்றார். பிறகு மூச்சு மட்டும் கேட்டது. வைக்கப் போகிறார் என்று தெரிந்தது.

நான் முந்திக்கொண்டு பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பேசினேன்.

"ஏனுங்க, ஆண்ட்வெர்ப்ல இருந்து அந்த நூல் லோடு இருக்குது பாருங்க. அத எடுங்க. நானும் அதையே எடுக்கறேன். போன வெக்காம ஓட்டிப் பாக்கலாங்களா?"

பிறகு அவருடைய பெட்டி ஆன் ஆகிற சத்தம் கேட்டது.

ஓட்டினோம். அவர் அவருடைய ரோட்டில். நான் என்னுடைய ரோட்டில். இரண்டும் ஒரே ரோடுதான். அவர் லாரி சத்தம் போனில் கேட்டது. என் லாரி சத்தம் டிவியில் கேட்டது. இடது என்றார். திருப்பினேன். மெதுவா என்றார். வேகத்தைக் குறைத்தேன். பாலம் வந்தது.

"எங்ஙன நிக்கீரு?" என்றார்.

"பாலத்து மேலீங்க. நடுவுல."

"நானும் நடுவுலதாம்வே நிக்கேன்."

நான் சைடு கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ரோடு காலியாக இருந்தது. முன்னாலும் காலி. கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு லாரி நிற்கிற அளவு இடம் விட்டுத்தான் நிறுத்தியிருந்தேன். அவரும் அப்படித்தான் நிறுத்தியிருப்பார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றோம்.

"போவலாமா?" என்றார்.

"போலாங்க" என்றேன்.

அப்படி நிறைய ஞாயிறு போயிற்று. நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவருடைய பெட்டி நின்றுவிட்டது. உள்ளே சிடியைப் படிக்கிற பாகம் போய்விட்டதாம். அந்தப் பாகம் இப்போது வருவதில்லை, பழுது பார்க்க யாரும் கை வைக்க மாட்டேன் என்கிறார்கள் என்றார். இரண்டு சிடியையும் கடை வாசலில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாராம். வெயிலில் மின்னுகிறதாம். காக்கா வருவதில்லையாம். என் பெட்டியும் ஒரு நாள் நிற்கும். சிடியை உள்ளே இழுக்கும்போது இப்போதே ஒரு முனகல் வருகிறது.

மெர்ச்சண்டைசர் பெண்ணின் தம்பி ஏதோ பழைய ஆட்டம் வாங்கப் போகிறானாம். அதற்காகத்தான் என்னிடம் கேட்டது, காசு தேறுமா என்று. இப்போது சொல்கிறேன். கீறலைப் பார்க்க வேண்டாம். பெட்டிக்குள் போட்டால் ஆட்டம் முழுக்க அதற்குள்ளேயே இருக்கிறதா என்று பார்க்கட்டும். அப்படி இருந்தால் வாங்கட்டும். நல்ல துணி மாதிரி உழைக்கும். யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போக முடியாது. அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும் என்கிற ஆட்டமாக இருந்தால் யோசிக்கணும். ஆள் இருக்கிறானா, இருப்பானா என்று அட்டையில் எழுதியிருக்காது. நான் வாங்கியது இரண்டும் கலந்த சரக்கு. எனக்குத் தேறியதா என்றால், பாதி.

அவருடைய பெட்டி நின்ற அடுத்த ஞாயிறு போன் வராது என்றுதான் நினைத்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வந்தது.

"நீரு ஓட்டும்" என்றார். "நான் சொல்லுதேன்."

"மேப் உங்களுக்குத் தெரியாதுங்களே."

"எத்தன தடவ போயிருக்கோம். தெரியும்வே. ஓட்டும்."

போனை டிவி பக்கத்தில் சாய்த்து வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு மிஷின் ஓடத் தொடங்கியது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். யூனிபார்ம் தைக்கிறார். பேட்லாக் சத்தம் இல்லை அது. காலால் மிதிக்கிற சாதா மிஷின், மெல்லிய சத்தம். ஆனால் நூலை இழுத்து நிறுத்துகிற இடம், மறுபடி எடுக்கிற இடம் எல்லாம் அவருடையதுதான். அத்தனை வருசமும் என் இடது காதில் விழுந்துகொண்டிருந்தது அதுதான். அவர் போனதிலிருந்து அந்தக் காதுப் பக்கம் ஒரு மாதிரி வெறுமையாக இருந்தது. ஏதோ காதில் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

இப்போதும் சில ஞாயிறு வருகிறது. சில ஞாயிறு வருவதில்லை. கல்யாணம், கோயில், பிள்ளைகள் என்று அவருக்கு ஆயிரம் இருக்கும்.

போன ஞாயிறு வந்தது. பாலம் வந்துருச்சுங்க என்றேன். மிஷின் நின்றது. இடப்பக்கமா ஒதுங்கும், அங்ஙன ரோடு பிரியும் என்றார். பிரிந்தது. மிஷின் மறுபடி ஓடியது. துறைமுகத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது அவர் கடைக்கு யாரோ தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்தார்கள். பட்டன் வைக்கவில்லை, நாளைக்கு வாங்க என்று அவர் சொல்வது கேட்டது. வந்தவர் விடவில்லை. பேசிக்கொண்டே இரண்டு பேரும் வெளியே போனார்கள் போல. போன் அங்கேயே இருந்தது. பிறகு வீட்டுக்குள்ளிருந்து டீ ஆறுது என்று அவரைக் கூப்பிட்டார்கள்.

மிச்ச வழி எனக்குத் தெரிந்துதான் இருந்தது. துறைமுகத்துக்குள் போய் லோடை இறக்கினேன். இன்ஜினை நிறுத்தினேன். அந்தப் பக்கம் டம்ளர் வைக்கிற சத்தமும், பிள்ளைகள் சிரிக்கிற சத்தமும் கேட்டது. வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். சார்ஜ் தீர்ந்ததோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

பொழுது இன்னும் இருந்தது. திரும்பி வருகிற லோடு ஒன்று எடுத்தேன். பாலம் வழியாக வருகிற லோடு.